சொந்தக் கணிப்பொறியில் மீடியாவிக்கி

2003ஆம் ஆண்டு தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவைத் தாங்கி நிற்பது மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருள். அதன் மூலநிரலை எவரும் பெறலாம், திருத்தலாம். ஆயினும் பலர் உழைத்து எழுதிய பக்கங்கள்மீது நேரே சோதனை செய்தல் தகாது. சாணார்பட்டி மாணவர் ஒருவர் அதனை முதலில் தம் கணிப்பொறியிலேயே நிறுவிப் பார்த்தல் நன்று.

எக்ஸாம்ப் என்னும் இலவசத் தொகுப்பு அப்பாச்சி வழங்கி, பிஎச்பி மொழி, மரியாடிபி தரவுத்தளம் ஆகியவற்றை ஒருசேரத் தரும். பிஎச்பியின் பதிப்பு பொருந்துமா என முன்னரே காண்க. மீடியாவிக்கியை எச்டிடாக்ஸ் கோப்புறைக்குள் விரித்து, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியோடு அக்கோப்புறையின் பெயரையும் இட்டால் நிறுவற்பணி தொடங்கும். வினாக்களைத் தமிழிலேயே பெறலாம் என்பது நமக்கு உவப்பு. முடிவில் கிடைக்கும் லோக்கல்செட்டிங்ஸ் கோப்பை மீடியாவிக்கியின் கோப்புறையிலேயே வைத்தல் வேண்டும். பலர் இடறுமிடம் இதுவே. அதன்பின் இணையம் அற்றுப்போயினும் பணி நில்லாது.