கொக்கி மாட்டும் பல்லையும் பாருங்கள்

மலேசியாவில் பல் சொத்தையைக் குறைக்கக் குழாய்நீரில் ஃபுளோரைடு கலப்பது முதலில் தொடங்கியது ஜொகூரில்தான், 1950களின் பிற்பாதியில். 1972இல் அது நாடு முழுவதற்குமான திட்டமானது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டுகிறார்கள். அப்படிச் சொந்தப் பற்கள் பல மிஞ்சியிருக்கும் முதியவருக்கு முழுப் பல்செட் தேவையில்லை. விழுந்த இரண்டு மூன்று பற்களுக்குக் கழற்றி மாட்டும் செட் போதும்.

அந்தச் செட்டின் கொக்கிகளை மாட்டித் தாங்கப் போவது அந்த மிஞ்சிய பற்கள். விலை கேட்கும் அவசரத்தில் அவற்றை மறந்துவிடுகிறோம்.

பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நார்ப்படலம் அதைப் பிடித்து நிற்கிறது. வேரை நோக்கி இறங்கும் அழுத்தத்தை அது நன்றாகத் தாங்கும். பக்கவாட்டு இழுப்பு வேறு விஷயம்: நட்ட கம்பத்தை ஆட்டி ஆட்டிப் பிடுங்குவதுபோல, நாளடைவில் பல் தளர்ந்துவிடும்.

அதனால் செட் எந்தப் பொருளில் என்பதும் முக்கியம். கோபால்ட்-குரோமியம் உலோகச் சட்டம் மெல்லியது, ஆனால் வளையாது. பல்லின் மேல் உட்காரும் சிறு தாங்கி மெல்லும் விசையை வேர்ப்பக்கம் அனுப்புகிறது. ஈறின் ஓரத்தை மூடாமலும் சட்டத்தை வடிவமைக்கலாம். 1930களில் பல் மருத்துவத்துக்கு வந்த அக்ரிலிக் மலிவானது. இன்னொரு பல் விழுந்தாலும் அதே செட்டில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் உடையாமலிருக்கத் தடிமனாகச் செய்ய வேண்டும். பெரும்பாலும் தாங்கியும் இருக்காது. மெல்லும்போது செட் ஈறுக்குள் அமிழ்கிறது, ஓரங்களில் அழுக்கு சேர்கிறது, நுண்துளைகளில் கேண்டிடா பூஞ்சை குடியேறுகிறது. ஈறின் நிறத்திலேயே கொக்கி வரும் நைலான் செட் பார்க்க அழகு; பலர் அதையே விரும்புவதும் புரிகிறது. ஆனால் அது வளையும், அதனால் சுமை ஈறின்மேல் விழுகிறது. பழுது பார்ப்பதும் சிரமம். பின்பக்கக் கடைவாய்ப்பற்கள் இல்லாதவருக்கு, காலமெல்லாம் போடும் செட்டாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருள் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. சுவீடனில் பெர்க்மன் குழுவினர் கழற்றி மாட்டும் செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1995இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்காகத் துலக்கி, முறையாகப் பரிசோதனைக்கு வந்தவர்களின் தாங்கும் பற்கள் பெரிய சேதமின்றி இருந்தன. எனவே எந்தச் செட்டானாலும் இரவில் கழற்றுங்கள். கொக்கி மாட்டும் பல்லின் ஈறோரத்தைத் தனியாகத் துலக்குங்கள். அளவெடுக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்: கொக்கி எந்தப் பல்லில்? தாங்கி உண்டா? ஈறின் ஓரம் திறந்திருக்குமா? உரிமமின்றி வீடு தேடி வந்து பல் கட்டுபவரிடம் போகவே வேண்டாம்.