எல்லார்க்கும் எட்டும் பாடக்குறிப்பு

கல்வி நிலையத்தின் வாயில் யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பது இன்று எவரும் ஒப்புக்கொண்ட உண்மை. இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமை காரணமாக எவரையும் கல்வி நிலையத்திற் சேர்ப்பதில் வேறுபாடு காட்டலாகாது என விதித்துள்ளது. ஆயினும், பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்து உட்புகுந்த மாணவர்க்கு அங்கு வழங்கப்படும் பாடக்குறிப்பு எட்டாதாயின், அவர் வெளியே நின்றவரே ஆவர்.

விழிப்புலனற்றோர் தாமே படிக்கவும் எழுதவும் ஏற்ற முறையை அளித்தவர் பிரான்சு நாட்டு லூயி பிறெயில். தாமும் பார்வை இழந்தவராகிய அவர் 1829 இல் வெளியிட்ட முறையில் ஆறு புள்ளிகளே அடிப்படை; அவற்றின் சேர்க்கையால் 63 குறிகள் அமையும். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகட்குப் பொதுவான பாரதி பிறெயில் 1951 இல் ஏற்கப்பட்டது. எனினும் ஒரு பட்டப்படிப்புக்கு வேண்டிய நூல்கள் அனைத்தையும் புள்ளியெழுத்தில் ஆக்குதல் பெருஞ்செலவும் காலமும் வேண்டுவது. இக்குறையை நீக்கத் துணைசெய்வது, கணினியிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான். இவற்றுள் என்.வி.டி.ஏ. என்பதனை 2006 இல் அவுஸ்திரேலியாவில் விழிப்புலனற்ற இளைஞரொருவர் தொடங்கினார். அது இலவசமாகக் கிடைப்பது, தமிழையும் வாசிப்பது.

ஈண்டுத் தமிழில் எழுதும் நாம் கருதவேண்டிய தடையொன்றுண்டு. நம் நாட்டில் நெடுங்காலமாகக் குறிப்புகள் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்டு வந்துள்ளன. அவற்றில் ‘தமிழ்’ எனக் கண்ணுக்குத் தோன்றும் சொல், கணினியின் நினைவில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிந்துள்ளது. கண் தமிழைக் காண்கின்றது. திரைவாசிப்பானோ உள்ளே பதிந்த ஆங்கில எழுத்துக்களையே ஒலிக்கின்றது. செவியாற் கற்கும் மாணவர்க்கு ஒரு சொல்லும் விளங்குவதில்லை. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்குத் தனியிடம் உண்டு. அம்முறையில் எழுதிய குறிப்புத் தமிழாகவே ஒலிக்கும். பழைய குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாக உள. மாற்றியபின் ஒருமுறை ஒப்புநோக்கித் திருத்தல் வேண்டும்.

வேறு சில முறைகளும் எளியனவே. நூலின் பக்கங்களைப் படமாகப் பிடித்து வழங்கினால், அதில் வாசித்தற்குரிய எழுத்தே இராது. ஆதலின் அதனை எழுத்தாக்கித் தரல் வேண்டும். வரைபடத்துக்கும் அட்டவணைக்கும் அருகே அவற்றின் பொருளை இரண்டொரு வாக்கியங்களில் உரைத்தல் வேண்டும். ‘சிவப்பிற் காட்டியதைப் பார்க்க’ என்பது நிறம் பிரித்தறிய இயலாதவர்க்குப் பயன்படாது. நிறத்தோடு எண்ணோ குறியோ இடுதல் நன்று. ஒலிப்பதிவு செய்த விரிவுரையின் எழுத்துவடிவத்தையும் வழங்கினால், செவிப்புலன் குன்றியோர் பயன்பெறுவர்.

ஒருவர் இருவர் பொருட்டு இத்துணை முயற்சி வேண்டுமோ எனச் சிலர் வினவுவர். ஒருங்குறிக் குறிப்பில் வேண்டிய சொல்லை எந்த மாணவரும் நொடியிற் தேடி எடுக்கலாம். ஆங்கில விரிவுரையைப் பின்பற்ற இடர்ப்படும் நம் கிராமத்துப் பிள்ளைக்கும் அதன் எழுத்துவடிவம் கைகொடுக்கும். ஆகவே சிலர்க்கென இட்ட படியிற் பலரும் ஏறுவர். பயனடைவோர் ஒருவரேயாயினும், அவர்க்கு உரியதை மறுத்தல் முறையாகாது.

பதிப்புரிமை குறித்த அச்சமும் பெரிதும் நீங்கிவருகின்றது. அச்சுநூலைப் படிக்க இயலாதோர்க்கு ஏற்ற வடிவிற் படி எடுத்தற்கு இடமளிக்கும் மராக்கேசு உடன்படிக்கை 2013 இல் நிறைவேறியது. இலங்கை அதில் 2016 இல் இணைந்தது.

நம் பழைய மாணவருள் விரிவுரையாளரும் ஆசிரியரும் பலர். கணினியில் வல்ல இளைஞரும் குறைவிலர். மூத்தோர் தம்மிடமுள்ள பழைய குறிப்புகளைத் தேடி எடுப்பாராக; இளையோர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவாராக; தமிழறிந்தோர் பிழை திருத்துவாராக. ஆளுக்கொரு பாடமாக இப்பணியை மேற்கொள்வோமாயின், அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் புகும் விழிப்புலனற்ற மாணவர் பிறர் வந்து படித்துக்காட்டும்வரை காத்திராது, தாம் விரும்பிய வேளையிற் தாமே கற்பர்.