கழற்றி மாட்டும் தொலைநோக்கி

செங்கற்பட்டிலிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் செல்லும் சாலையோரத்தில், முக்காலியின்மேல் ஒரு கருவியை நிறுத்தி நிலம் அளப்பவர்களை நீங்கள் கண்டிருக்கலாம். அடுத்த முறை கண்டால் சற்று நின்று கவனியுங்கள். ஓரிடத்தில் வேலை முடிந்ததும் சிலர் முக்காலியை அசைப்பதே இல்லை. கருவியின் அடியிலுள்ள ஒரு திருகைத் திருப்பி, கருவியை மட்டும் மேலே தூக்கி எடுத்துவிடுவார்கள். அது இருந்த இடத்தில் கண்ணாடிப் பட்டகம் பொருத்திய குறியை அமர்த்துவார்கள். கருவி, முன்னால் காத்திருக்கும் மற்றொரு முக்காலிக்குப் போகும்.

முக்காலியோடு சேர்த்துத் தூக்கிச் சென்றால் வேலை எளிதாயிற்றே, எதற்கு இந்தச் சிரமம் என்று தோன்றும். காரணம் இதுதான். நிலத்தில் அடித்த முளைக்கு நேர் மேலே முக்காலியை எத்தனை கவனமாக நிறுத்தினாலும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகல் நேர்ந்துவிடும். 100 மீட்டர் தூரத்தில் உள்ள குறி பக்கவாட்டில் 1 மி.மீ. நகர்ந்தால் கோணத்தில் ஏற்படும் பிழை 2 விநாடி. இது பெரிதல்ல. ஆனால் குறி 20 மீட்டரில் இருந்தால் அதே 1 மி.மீ. 10 விநாடி ஆகிவிடுகிறது! அந்தக் கோணத்தை நம்பி அடுத்த கோணம், அதை நம்பி அதற்கடுத்தது என்று அளவைச் சங்கிலி நீளும். 10 விநாடிப் பிழை ஒரு கிலோமீட்டர் தள்ளி ஏறக்குறைய 5 செ.மீ. விலகலாகும். காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவராக நிற்பதை அறிவீர்கள். அங்கே 5 செ.மீ. என்பது சுவர் யாருடையது என்ற வழக்கு.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. வாலாஜாபாத்திலிருந்து நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது பரங்கிமலை. வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரலில் தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது அங்கேதான். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெருமுயற்சியின் முதற்படி அது. அவருடைய கோணமானி சுமார் அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதி, அதன் வட்டத்தகடு நெளிந்துபோயிற்று. லாம்ப்டன் ஆறு வாரம் உட்கார்ந்து தாமே அதை நிமிர்த்தினார். அத்தனை பாடுபட்ட மனிதருக்கு நம் தெரு அளவையாளரின் கவலை இல்லை! அவருடைய முக்கோணப் பக்கங்கள் பல கிலோமீட்டர் நீளமானவை. 40 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள குறி 1 மி.மீ. நகர்ந்தால் கோணப் பிழை ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்குதான். மலையுச்சிக்கு மலையுச்சி அளப்பதைவிடக் குறுகிய தெருவை அளப்பது இந்த வகையில் கடினம்.

ஆகவேதான் முக்காலியில் டிரைபிராக் எனப்படும் அடித்தட்டு நிலையாக நிற்க, கருவியும் குறியும் அதில் மாறி மாறி அமர்கின்றன. முதலில் குறி, பிறகு கருவி, பிறகு மீண்டும் குறி. மூன்றும் ஒரே மையத்தில் அமர்ந்தால் போதும். தட்டு முளைக்கு நேராக இல்லாவிட்டாலும்கூட, பிழை அந்த ஒரு புள்ளியோடு நின்றுவிடும், சங்கிலியில் ஏறாது.

இதே சிக்கல் வேட்டைத் துப்பாக்கியில் வேறு வடிவில் வருகிறது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் 1991-இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டையை அநேகமாக ஒழித்துவிட்டன. உரிமம் பெற்று வேட்டையாடும் நாடுகளில், குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பயணத்தின்போது கழற்றி வைத்து, காட்டில் மீண்டும் மாட்டுவார்கள். இங்கே தொலைநோக்கி பழைய இடத்திற்கு இணையாக 0.1 மி.மீ. நகர்ந்தால் குண்டும் 0.1 மி.மீ.தான் விலகும், யாருக்கும் கவலையில்லை. ஆனால் சாய்ந்துவிட்டால்? பிடிப்பின் இரு கால்களுக்கு இடையே 10 செ.மீ. என்று கொள்வோம். ஒரு காலின் அடியில் 0.1 மி.மீ. மணல் துகள் சிக்கினால் சாய்வு ஆயிரத்தில் ஒன்று. 100 மீட்டரில் குண்டு 10 செ.மீ. தள்ளி விழும். விலங்கு உடனே சாகாமல் காயத்தோடு ஓடிப்போக இது போதும். அளவைக் கருவிக்கு நகர்வு நஞ்சு, துப்பாக்கிக்குச் சாய்வு நஞ்சு.

சரி, ஒரு பொருள் போன இடத்துக்கே திரும்ப வந்து அமர என்ன வேண்டும்? இறுக்கிக் கட்டினால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இறுக்கம் பொருளை அசையாமல் பிடிக்கும். எந்த இடத்தில் பிடிப்பது என்று அதற்குத் தெரியாது. இடத்தைச் சொல்வது தொடும் புள்ளிகள். எந்தப் பொருளுக்கும் ஆறு வகை அசைவுகள் உண்டு: முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் ஆகிய மூன்று நகர்வுகள், அந்த மூன்று அச்சுகளைச் சுற்றி மூன்று திருப்பங்கள். ஆறையும் ஆறு தொடுபுள்ளிகளால் தடுத்தால் பொருள் ஒரே ஒரு விதமாகத்தான் அமர முடியும். புள்ளி குறைந்தால் ஆடும். கூடினால் இன்று சில புள்ளிகளில் அமரும், நாளை வேறு சிலவற்றில் அமரும். மண் தரையில் நான்கு கால் பெஞ்சு ஆடுவதும், மூன்று கல் அடுப்பில் பானை அசையாமல் நிற்பதும் நமக்குப் பழகிய செய்திகள்தாமே? மூன்று உருண்டைக் கால்களை மூன்று 'வி' வடிவப் பள்ளங்களில் வைத்தால், பள்ளத்துக்கு இரண்டாக ஆறு புள்ளி கிடைக்கும். ஆய்வுக்கூடங்களில் நுண்கருவிகளை இவ்வாறே அமர்த்துகிறார்கள்.

துப்பாக்கியில் அடி பலமாக விழுவதால் புள்ளிகள் தாங்கா. அகலமான பரப்புகள் வேண்டும். 1995-இல் அமெரிக்க இராணுவம் தரப்படுத்திய பிக்காடினி தண்டவாளத்தில் 5.23 மி.மீ. அகலக் குறுக்குப் பள்ளங்கள் 10.01 மி.மீ. இடைவெளியில் வரிசையாக இருக்கின்றன. பிடிப்பின் பல் பள்ளத்தைவிடச் சற்றே சிறியது. ஆகவே உள்ளே கொஞ்சம் இடம் மிஞ்சும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்க, தொலைநோக்கி நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதாவது துப்பாக்கியைப் பொறுத்தவரை முன்னால் போகும். எனவே பிடிப்பை முன்சுவரோடு தள்ளி வைத்துவிட்டுத்தான் நெம்புகோலை மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே பள்ளம், அதே அளவு இறுக்கம். பரப்புகளை நம்பும் இந்த முறையில் தூசி பெரும் பகை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வாங்கும்போது விலையையும் பளபளப்பையும் பார்ப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல். துப்பாக்கியானால் மூன்று குண்டு சுட்டு, கழற்றி மாட்டி, மேலும் மூன்று சுட்டு, இரு தொகுதிகளின் மையங்களை ஒப்பிடுவார்கள். டிரைபிராக்கை நீங்கள் பாலிடெக்னிக் முற்றத்திலேயே சோதிக்கலாம். அதில் குறியை வைத்து, 10 மீட்டர் தள்ளி நிற்கும் கருவியால் கோணம் படியுங்கள். குறியை எடுத்து, மீண்டும் வைத்துப் படியுங்கள். இப்படிப் பத்து முறை. இங்கே 2 விநாடி என்பது 0.1 மி.மீ. அளவுகள் அதற்கு மேல் சிதறினால், கழிக்கும் முன்பு கால்கள் அமரும் குழிகளைத் துணியால் துடைத்துவிட்டு இன்னொரு பத்து முறை படியுங்கள்.