பழைய ஜிப்ஸிக்கு எவ்வளவு பெரிய டயர் போடலாம்?

மழைக்காலத்தில் முல்ஷி, தாம்ஹினி பக்கம் சேற்றில் ஒருமுறை மாட்டினால் போதும், புனேக்குத் திரும்புவதற்குள் பெரிய டயர் ஆசை வந்துவிடும். மாருதி ஜிப்ஸி கிங்குக்குக் கம்பெனி தந்த அளவு 205/70 ஆர்15. கூட்டலாம், ஆனால் ஒரு படிதான், 215/75 ஆர்15 வரை.

இந்த எண்கள் என்ன? 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அந்த அகலத்தில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் பழைய டயரின் மொத்த உயரம் 668 மி.மீ., புதியது சுமார் 703.

வண்டியும் 35 மி.மீ. உயருமா? இல்லை. அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் பாதிதான் கிடைக்கும். ஆனால் அந்தப் பாதி விலை மதிப்புள்ளது. பாறையில் முதலில் இடிப்பது டிஃபரன்ஷியல் (அச்சில் தொங்கும் பல்சக்கரப் பெட்டி). ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடி மட்டுமே மேலே போகும். இந்தப் பெட்டியைத் தூக்குவது டயர்தான்.

அப்படியானால் 235/75 போட்டால் என்ன? உயரம் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும். உங்களிடம் இருப்பதோ 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜின். மூன்றாம் கியரில் ஏறிக்கொண்டிருந்த சிங்ககட் ஏற்றத்தில் இரண்டாவதைத் தேடுவீர்கள். பிரேக்குக்கும் வேலை கூடும். கிங்பின் பேரிங் (முன்சக்கரம் திரும்பத் தாங்கும் உருளை) தேய்ந்த பழைய வண்டியில் கனமான டயர் ஸ்டியரிங்கையே உதற வைக்கும். டயருக்கு முன் அதைப் பாருங்கள்.

ஸ்பீடோமீட்டர்? ஒரு படி கூட்டினாலே, முள் 60 காட்டும்போது நீங்கள் 63-இல் போகிறீர்கள். ஓடிய தூரமும் குறைவாகவே பதிவாகும். "மைலேஜ் விழுந்துவிட்டது" என்ற புலம்பலில் கொஞ்சம் இந்த மீட்டர் செய்யும் வேலை.

நாலு டயர் போதுமா? ஐந்து வேண்டும். ஸ்டெப்னி பழைய அளவில் இருந்து, பஞ்சருக்குப் பின் அதைப் போட்டு நாலு சக்கர இழுவையில் ஓட்டினால், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். அந்த முறுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸில் (சக்தியை இரு அச்சுகளுக்கும் பிரிக்கும் பெட்டி) இறங்கும்.

ஆர்.டி.ஓ.வில் சிக்கல் வருமா? வரலாம். 15 வருடம் தாண்டிய வண்டியைப் பதிவு புதுப்பிக்கச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து பதிவு விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. பணம் கட்டும் முன் ஆர்.டி.ஓ.விலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது.

கடையில் என்ன பார்ப்பது? பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத் தேதி: 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம். தாங்கும் எடைக்கான எண் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. மாட்டியதும் ஒரு முன்சக்கரத்தைத் திண்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடியுங்கள். எங்காவது உரசினால் கடையை விட்டுக் கிளம்பாதீர்கள்.