பழைய கார் மக்கர் பண்ணுதா? முதலில் பழைய ஓனர் கைவைத்த இடத்தைத் தேடுங்கள்!

'அலாய் வீல், ஆம்ப்ளிஃபயர், பவர்ஃபுல் ஹெட்லைட்னு எல்லாமே போட்டிருக்கு சார்... நீங்க ஒண்ணுமே செலவு பண்ண வேண்டாம்!' - செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகும் பலரும் கேட்டிருக்கும் டயலாக் இது.

வாங்கிய புதிதில் இதெல்லாம் போனஸ் மாதிரிதான் தெரியும். ஒரு மாதம் கழித்து, காலையில் செல்ஃப் எடுக்காது. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் உரசும். சிக்னலில் நின்றால் இன்ஜின் ஆஃப் ஆகும். வொர்க்‌ஷாப்புக்குப் போனால் முதலில் பேட்டரியை மாற்றுவார்கள். அடுத்த வாரம் ஆல்டர்னேட்டர். அதற்கடுத்து ஏதோ ஒரு சென்சார். பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு எடுத்துவைத்த பணம் கரையும். பிரச்னை மட்டும் அப்படியே இருக்கும்.

காரணம் எளிமையானது. மெக்கானிக், கம்பெனியிலிருந்து வந்த கார் என்று நினைத்துக் கோளாறைத் தேடுகிறார். ஆனால், உங்களிடம் இருப்பது பாதி கம்பெனியும் பாதி பழைய ஓனரும் சேர்ந்து செய்த கார். அதனால், எந்த பார்ட்டையும் மாற்றுவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இதில் கம்பெனி கொடுக்காதது எதெல்லாம் இருக்கிறது?'

முதலில் ஒரு லிஸ்ட் போடுங்கள்

ஒரு நோட்டும் அரை மணி நேரமும் போதும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு ஓரத்திலோ பில்லரிலோ டயர் சைஸும் காற்றழுத்தமும் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். டயரில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி-யில் எரிபொருள், நிறம் சரியா என்று பாருங்கள். பானெட்டைத் திறந்து, பேட்டரி டெர்மினலில் இருந்து தனியாகக் கிளம்பும் ஒயர்கள், இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட்கள், புதிதாகத் தெரியும் ரிலேக்கள் என எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். முடிந்தால் பழைய ஓனருக்கு போன் செய்து, எதை, எங்கே, எப்போது மாட்டினார் என்று கேளுங்கள். விற்ற பிறகு பலரும் உண்மையைத்தான் சொல்வார்கள்!

காலையில் பேட்டரி டவுனா?

காரை ஆஃப் செய்த பிறகும் கடிகாரம், அலாரம் போன்றவற்றுக்குக் கொஞ்சம் கரன்ட் போகும். பொதுவாக அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். தப்பாக ஒயரிங் செய்த ஆம்ப்ளிஃபயரோ, ஜி.பி.எஸ் கருவியோ 500 மில்லி ஆம்பியர் இழுத்தால், 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்று நாளுக்குள் காலி. அதற்கு முன்பே செல்ஃப் எடுக்காது. புது பேட்டரி போட்டாலும் இதே கதைதான்.

இதை மல்டிமீட்டரில் கண்டுபிடிக்கலாம். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலுக்கும் ஒயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைக்க வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்து ரீடிங் பாருங்கள். அதிகமாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் ரீடிங் இறங்குகிறதோ, அந்த லைனில்தான் திருட்டு. எதை எடுத்தாலும் இறங்கவில்லையா? பேட்டரியிலிருந்து நேராகப் போகும் அந்த எக்ஸ்ட்ரா ஒயரைக் கழற்றிப் பாருங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது இக்னிஷனைப் போடக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஹெட்லைட் மங்கலா, ஒயர் வாசனையா?

பல கார்களில் இருக்கும் எச்4 பல்பின் அளவு 60/55 வாட். அதற்குப் பதில் 100/90 வாட் பல்பு போட்டால், ஒரு பல்புக்கு 5 ஆம்பியர் ஓடிய ஒயரில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். ரிலே வைக்காமல் பழைய ஒயரிலேயே மாட்டியிருந்தால், பல்பு ஹோல்டர் உருகும், ஸ்விட்ச் கருகும். ஹோல்டரைக் கழற்றி, பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காக 15 ஆம்பியர் இடத்தில் 30 போடுவது மிகப் பெரிய ஆபத்து. ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

கேஸ் கிட் இருந்தால்...

வெளியில் மாட்டிய சி.என்.ஜி, எல்.பி.ஜி கிட் கார்களில் ஒரு வசதி உண்டு. பிரச்னை வரும்போது பெட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள். பெட்ரோலிலும் திணறினால், கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில்: ஸ்பார்க் பிளக், காயில், ஏர் ஃபில்டர், எங்காவது காற்று உள்ளே இழுக்கும் ஓட்டை. கேஸில் மட்டும் திணறினால், கிட்டின் ஃபில்டர், ரெடியூசர், டியூனிங் பக்கம் போகலாம். அப்போதும் பிளக்கை ஒருமுறை பாருங்கள். கேஸைப் பற்றவைக்க இன்னும் வலுவான ஸ்பார்க் தேவை. பெட்ரோலில் ஓடும் தேய்ந்த பிளக், கேஸில் காலை வாரிவிடும்.

சி.என்.ஜி சிலிண்டரில் கேஸ் சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. 3 வருடங்களுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம். சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தால், டெஸ்ட் முடியும்வரை பெட்ரோலிலேயே ஓட்டுங்கள்.

டயர் உரசல், ஸ்டீயரிங் நடுக்கம்

உதாரணத்துக்கு, ஸ்விஃப்ட்டில் வரும் 165/80 ஆர்14, 185/65 ஆர்15 டயர்களை எடுத்துக்கொள்வோம். ரிம் பெரிதானாலும், இரண்டின் மொத்த விட்டமும் சுமார் 620 மில்லி மீட்டர்தான். கம்பெனி கணக்குப் போட்டே மாற்றுகிறது. அதே காரில் 205/60 ஆர்16 போட்டால், விட்டம் 652-ஐத் தொடும். டயர் உரசும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் உண்மையில் சுமார் 105-ல் போகும். பிக்-அப்பும் குறையும். இதற்கு இன்ஜினில் கைவைத்துப் பயனில்லை.

பேலன்ஸிங் செய்தும் 80 கி.மீ வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால், அலாய் வீலின் நடுத் துளை காரின் ஹப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் விலை குறைந்த பொருள்தான். டயரின் உட்பக்கம் மட்டும் தேய்ந்தால், காரைத் தாழ்த்த யாராவது காயில் ஸ்பிரிங்கை வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெட்டிய ஸ்பிரிங்கை வைத்து அலைன்மென்ட் செய்வது வீண். சரியான ஸ்பிரிங் மாட்டுவதே தீர்வு.

செக் இன்ஜின் லைட் எரிந்தால்

2013 ஏப்ரலுக்குப் பின் இந்தியாவில் விற்பனைக்கு வந்த கார்களில் ஓ.பி.டி-2 வசதி உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினால், மொபைலிலேயே கோடு தெரியும். ஆனால், கோடு என்பது சாட்சி மட்டும்தான், தீர்ப்பு அல்ல. 'பி0171' என்றால், இன்ஜினுக்குள் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று அர்த்தம். சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எண்ணெய் தடவிய ஸ்போர்ட்ஸ் ஏர் ஃபில்டரின் எண்ணெய், காற்றை அளக்கும் சென்சாரில் படிந்திருக்கலாம். சத்தத்துக்காக மாற்றிய எக்ஸாஸ்ட்டின் ஜாயின்ட் லீக் ஆகலாம். 'பி0420' வந்தால், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்றே முதலில் காருக்கு அடியில் பாருங்கள். சிலர் கழற்றி விற்றிருப்பார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி விவரங்கள் மாறுபடும்படி காரை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அங்கீகரிக்கப்பட்ட கேஸ் கிட்டுக்கு அனுமதி உண்டு, ஆனால், ஆர்.சி-யிலும் இன்ஷூரன்ஸிலும் பதிவாகியிருக்க வேண்டும். மாற்றியது பழைய ஓனர்தான் என்றாலும், விபத்து நடந்தால் க்ளெய்முக்காக அலையப்போவது நீங்கள்தான்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

பிளக், ஃபில்டர், சென்சார் என ஒரே நாளில் மூன்றை மாற்றினால், எது தீர்த்தது என்று கடைசிவரை தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், இரண்டு நாள் ஓட்டுங்கள், நோட்டில் எழுதுங்கள். சந்தேகத்துக்குரிய எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் இருந்தால், முதலில் அதைக் கழற்றி கம்பெனி நிலைக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பாருங்கள். பல நேரங்களில் இதற்குப் புது பார்ட்டே தேவைப்படாது.

ஆனால் ஒயர் கருகும் வாசனை, பெட்ரோல் அல்லது கேஸ் வாசனை, பிரேக் பெடல் தரைவரை இறங்குவது - இந்த மூன்றில் எது வந்தாலும் டெஸ்ட் எல்லாம் வேண்டாம். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்து, வீட்டில் உள்ளவர்களை இறக்கிவிடுங்கள். அங்கிருந்து டோ வண்டியில்தான் வொர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும்.