எண்ணுவதும் அளப்பதும்: மணிலா அறுவடைச் சோதனையில் கவனிக்கத்தக்கவை

மேல்மலையனூர் வட்டாரத்துக் குடியானவர்களுக்கு மணிலாப் பயிர் எத்துணை முக்கியமானதென்பது யாவரும் அறிந்ததே. அதன் மகசூலைக் கணிக்கும் அறுவடைச் சோதனையில் எழுதப்படும் எண்கள் இருவகைப்படும். அவ்விரண்டின் வித்தியாசத்தை உணராது எழுதிய கணக்கால் ஒரு கிராமம் முழுவதும் நஷ்டமடையக்கூடும்.

நம் முன்னோர் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளை நான்காக வகுத்தனர். இவற்றுள் எண்ணல் தனி இயல்புடையது. கால்நடைகள், செடிகள், காய்கள் ஆகியவை எண்ணப்படுபவை. ஒரு செடியில் 14 காய்கள் இருக்கலாம், 15 இருக்கலாம்; இடைப்பட்டதொன்று இல்லை. இவற்றைத் தனித்த விவரங்கள் என்பர். மற்ற மூன்றும் இடையறாது செல்பவை. 4 கிலோவுக்கும் 5 கிலோவுக்கும் நடுவே 4.6 உண்டு, 4.63 உண்டு, தராசின் நுட்பமே எல்லை. இவற்றைத் தொடர் விவரங்கள் என்பர்.

எழுதப்பட்ட எண்ணின் தோற்றத்தைக் கண்டு மயங்கலாகாது. செடிக்குச் சராசரி 14.6 காய் என்று எழுதினாலும், காய் எண்ணப்படும் பொருளே. நிறையை 5 என்று முழு எண்ணாக எழுதினாலும் அது அளக்கப்படும் பொருளே. பெய்த மழையின் மில்லிமீட்டர் தொடர் விவரம்; 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த மழைநாட்களின் தொகை தனித்த விவரம். புல எண்ணோ இவ்விரண்டுமன்று. அது நிலத்தின் பெயரே.

அறுவடைச் சோதனையில் இருவகையும் கலந்து வருகின்றன. 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள பாத்தியின் மகசூலை 400ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல் கிடைக்கும். ஒரு கிராமத்துச் சோதனைகளின் சராசரி, உலர்ந்த காய் 4.6 கிலோ என்று கொள்வோம். ஹெக்டேருக்கு 1,840 கிலோ ஆகிறது. அதையே 5 கிலோ என்று எழுதிவிட்டால் 2,000 கிலோ ஆகிவிடும். 2016-ம் வருஷம் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வரம்பு மகசூலுக்குக் குறைந்த அளவுக்கேற்ப இழப்பீடு கணக்கிடப்படுகிறது. வரம்பு 2,000 கிலோவாயின், முதற் கணக்கின்படி நூற்றுக்கு 8 பங்கு இழப்பீடு உண்டு. இரண்டாவதன்படி ஒரு காசும் இல்லை!

எண்ணுவதிலும் பிழை நேர்வதுண்டு. சிறு பாத்திகளில் மகசூல் உள்ளதைவிட மிகுதியாகக் காணப்படுவதைப் புள்ளியியல் அறிஞர் சுகாத்மே 1940-களில் எடுத்துக்காட்டினார். எல்லைக் கயிற்றின்மேல் நிற்கும் செடிகளை உள்ளே சேர்த்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகும். பாத்தி சிறிதாக ஆக, பரப்பை நோக்க எல்லை நீள்கிறது, பிழையும் வளர்கிறது.

ஆகையால், எல்லைச் செடி உள்ளதா, புறத்ததா என்பதை விதிப்படி ஒரே முறையில் தீர்மானித்தல் வேண்டும். நிறையைத் தராசு காட்டும் கிராம் வரை குறித்தல் வேண்டும். முழுமையாக்கி எழுதுதல் கூடாது. நிலமுடையோர் சோதனையின்போது உடனிருந்து, குறிக்கப்படும் எண்ணைக் கண்ணுறுதல் நலம். எண்ணுவதில் விடுபடாமையும், அளப்பதில் நுட்பமும் காக்கப்பட்டால், கணக்கு கிராமத்துக்குத் துணையாகும்.