கண்மாய் மண்ணில் எழும் காவல் குதிரை

கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்துச் சாஸ்தாவும் அய்யனாரும் ஊர் எல்லையிலும் கண்மாய்க் கரையிலும் இருப்பவர்கள். இரவில் குதிரையேறி ஊரைக் காப்பவர் அய்யனார் என்பது தென்மாவட்ட நம்பிக்கை. அதனால்தான் அவருக்கு மண் குதிரை நேர்ச்சை. மாட்டுக்கு நோய் வந்தால் மண் காளை; பிள்ளை வரம் கேட்டால் மதலைப் பொம்மை.

மண்ணில் விலங்கு செய்வது உலகம் முழுக்க உள்ள பழக்கம். மெக்சிகோவின் மிச்சோகான் பகுதியில் தரஸ்கன் மக்கள் விலங்கு வடிவிலேயே கலயம் வனைந்தார்கள். நம் பக்கத்து ஆதிச்சநல்லூரில் 2004-05 அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டில் மானும் முதலையும் புடைப்பாக ஒட்டப்பட்டிருந்தன. இன்று குயவர்களான வேளார் வீட்டு முற்றத்தில் அய்யனாருக்கு ஒரு குதிரை உருவாகும் முறை இது.

1. பிடிமண்

மண் குதிரைகளை ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுபோகும் புரவி எடுப்பு நடக்கும் ஊர்களில் வேலை தொடங்குவது பிடிமண் கொடுப்பதில். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுப்பார்கள். ஊர் கொடுக்கும் உத்தரவு அதுதான். அந்த மண் குதிரைக்கான மண்ணோடு சேரும்.

2. மண்ணைப் பதப்படுத்துதல்

கரிசல் மண்ணை அப்படியே வனைய முடியாது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஆகவே கண்மாய்க் களிமண்ணை எடுத்து, உலர்த்தி, உடைத்து, ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்குகிறார்கள். மணலும் உமியும் கலந்து காலால் மிதிக்கிறார்கள். மணல் வெடிப்பைத் தடுக்கும். உமி சூளையில் எரிந்து நுண்துளைகளை விட்டுச்செல்ல, ஆவி வெளியேற வழி கிடைக்கும்.

3. கால், வயிறு, கழுத்து

குதிரையின் உள்ளே முழுக்க வெற்றிடம். முதலில் நான்கு கால்களும் குழாய்களாக எழும். அவை உடலைத் தாங்கும் அளவுக்கு இறுகிய பிறகே வயிறு. மண் திரிகளை அடுக்கி, உள்ளே கூழாங்கல்லை அணை கொடுத்து, வெளியே தட்டுப்பலகையால் தட்டிச் சுவரை மெலிதாக்குவார்கள்.

கைத்திறன் முழுக்கத் தெரிவது ஒட்டில்தான். இரண்டு விளிம்பையும் கீறி, மண்குழம்பு தடவி, அழுத்திச் சேர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். ஒன்று காய்ந்து மற்றது ஈரமாக இருந்தால், சுருங்கும் அளவு மாறி ஒட்டு விட்டுப்போகும். பெரிய குதிரையை ஒரே நாளில் எழுப்பாததற்குக் காரணம் இதுதான்: கீழ்ப்பகுதி இறுகும்வரை மேல்பகுதி காத்திருக்கும்.

4. தலையும் நகையும்

தலை, காது, பிடரி, பிறகு மணிமாலை, சேணம். எல்லாம் கையால் உருட்டி ஒட்டுபவை. வயிற்றில் விரல் நுழையும் அளவு துளை விடுவார்கள். உள்ளே அடைபடும் நீராவி வெளியேற அந்த வழி இல்லையென்றால் சூளையில் குதிரை வெடிக்கும்.

5. உலர்த்துதல்

நிழலில் மெதுவாகக் காய வேண்டும். நேர் வெயில் பட்டால் மெல்லிய காது முந்திக் காய்ந்து பிளக்கும்.

6. சூளை

சிறிய உருவங்களைச் சூளையில் அடுக்குவார்கள். பெரியவற்றை நின்ற இடத்திலேயே விறகும் எருமுட்டையும் வைக்கோலும் சுற்றி, மேலே மண் பூசி மூடிச் சுடுவார்கள். தொடக்கத்தில் தீ இளஞ்சூடாக இருக்க வேண்டும். ஈரம் முழுக்கப் போன பிறகே வேகம் கூட்டலாம். காற்று போதுமான அளவு கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். புகை அடைபட்டால் கறுக்கும். தானாக ஆறிய பிறகே பிரிக்க வேண்டும்.

7. கண் திறப்பு

சுண்ணாம்பும் வண்ணமும் பூசிய பிறகு கண் திறப்பார்கள். அதுவரை அது பொம்மை. அதற்குப் பின் சாமியின் வாகனம். ஊர் கூடித் தோளில் சுமந்து கோயிலில் சேர்க்கும். பல அய்யனார் கோயில்களில் பூசை செய்பவரும் வேளாரே.

அங்கே மழையிலும் வெயிலிலும் அது மெல்லச் சிதைந்து மண்ணோடு சேரும். அடுத்த நேர்ச்சைக்குப் புதுக் குதிரை வரும். அப்படிப் புதுப்பிப்பதால்தான் தலைமுறை தலைமுறையாக இந்தக் கைத்திறன் நிலைத்தது. இப்போது பல கோயில்களில் சிமென்ட் குதிரை நிற்கிறது. அதை ஒருமுறை கட்டினால் போதும். வேளாருக்கு அங்கே மறுபடி வேலை இல்லை. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிடப் போகிறவர்கள், நேர்ச்சை இருந்தால் மண் குதிரைக்கே சொல்லுங்கள். காய்வதற்கும் சுடுவதற்கும் நாள் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் வேளாரிடம் முன்பணம் கொடுத்துவிடுங்கள்.